கட்டிலருகே யார்? கொல்கத்தாவின் செவிலியர் கல்வி கடந்த தூரமும் செல்லும் திசையும்

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காள எழுத்துப் பலகை இல்லாத விடுதியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். காந்தி ரோட்டுச் சிறு ஓட்டல்களில் மீன் குழம்பும் சோறும் வங்காளப் பக்குவத்தில் கிடைக்கின்றன. மருந்துக் கடைப் பையன்கள் வங்காளத்தில் விலை சொல்லப் பழகியிருக்கிறார்கள். ஹௌராவில் ரயில் ஏறி, ஒரு நாளுக்கு மேல் பயணம் செய்து காட்பாடியில் இறங்கும் குடும்பங்களால் வந்த மாற்றம் இது. அவர்கள் ஆஸ்பத்திரியே இல்லாத ஊரிலிருந்து வரவில்லை. 1835-லேயே மருத்துவக் கல்லூரி தொடங்கிய நகரம் கொல்கத்தா. அங்கிருந்து ஏன் இவ்வளவு தூரம் வருகிறார்கள் என்று விசாரித்தால் மருத்துவர் மேல் உள்ள நம்பிக்கை, பரிசோதனையின் துல்லியம், பில்லில் தெளிவு என்று காரணங்கள் அடுக்கப்படும். வார்டில் சிஸ்டர்கள் பார்த்துக்கொள்ளும் விதமும் அந்தப் பேச்சில் தவறாமல் வந்துவிடும்.

மருத்துவக் கல்வியைப் பற்றி எழுத நூறு பேர் இருக்கிறார்கள். நீட் தேர்வு வந்தபின் எழுதாத பத்திரிகை இல்லை. செவிலியர் கல்வி அப்படிப் பேசப்படுவதில்லை. மத்திய கல்வி அமைச்சகத்தின் தரவரிசைப் பட்டியலையே எடுத்துக்கொள்ளலாம். மருத்துவத்துக்குத் தனி வரிசை, பல் மருத்துவத்துக்குத் தனி வரிசை, பார்மசிக்கும் தனி வரிசை உண்டு. 2024-இல் வெளியான பட்டியல்வரை செவிலியத்துக்கு வரிசையே இல்லை. ஆகவே ஒவ்வொரு கல்லூரியும் தன் வளர்ச்சியைத் தானே சொல்லிக்கொள்கிறது. ஆண்டறிக்கையில் புதிய கட்டடம், கூடுதல் இடங்கள், தேர்ச்சி விகிதம், விளக்கேற்றி உறுதிமொழி எடுக்கும் விழா, வளாக நேர்காணலில் வேலை கிடைத்தோர் எண்ணிக்கை ஆகியவை இடம்பெறுகின்றன. ஒரு செவிலியர் கல்லூரி வளர்கிறதா தேய்கிறதா என்பதை இவை சொல்லாது என்பது என் கருத்து. அதன் வகுப்பறைக்கும் வார்டுக்கும் நடுவே உள்ள தூரம் குறைகிறதா கூடுகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. கொல்கத்தாவின் ஒன்றரை நூற்றாண்டு அனுபவத்தை இந்தக் கண்ணோடு பார்த்தால் நமக்கும் பாடம் கிடைக்கிறது.

கொல்கத்தாவில் முறையான செவிலியப் பணி வேரூன்றியது 1857 கிளர்ச்சிக்குப் பிந்தைய ஆண்டுகளில். ஆஸ்பத்திரிகளுக்குப் பயிற்சி பெற்ற செவிலியரைத் தருவதற்கென ஓர் அமைப்பு அப்போது உருவானது. கவர்னர் ஜெனரலின் மனைவி லேடி கானிங்கின் பெயரில் செவிலியர் இல்லமும் இருந்தது. ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் இந்தியாவுக்கு ஒருபோதும் வந்ததில்லை. இருந்தாலும் வங்காளத்திலிருந்து போன வேண்டுகோளை ஏற்று, இந்திய மருத்துவமனைகளில் செவிலியப் பணியை எப்படி அமைப்பது என்று 1865-இல் விரிவான யோசனைகளை எழுதி அனுப்பினார். மருத்துவமனையிலேயே தங்கி, மூத்த செவிலியரின் கீழ் வார்டில் நின்று கற்க வேண்டும் என்பதுதான் அவர் லண்டன் செயின்ட் தாமஸில் நிறுவிய பயிற்சி முறையின் அடிப்படை. 1880-களில் இங்கிலாந்தின் க்ளூவர் கன்னியர் மடத்துச் சகோதரிகள் கொல்கத்தாவுக்கு வந்து மருத்துவமனைச் செவிலியத்தைப் பொறுப்பேற்றார்கள்.

இந்த முயற்சிகளில் நெடுங்காலம் வங்காளி இந்துப் பெண்களோ முஸ்லிம் பெண்களோ அதிகம் இல்லை. பணியில் இருந்தவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர், இந்தியக் கிறித்தவர். அந்நிய ஆணின் உடலைத் தொடும் வேலை, மலமூத்திரம் எடுக்கும் வேலை, இரவில் வீட்டுக்கு வெளியே தங்கும் வேலை என்று மத்தியதரக் குடும்பங்கள் ஒதுங்கின. அதே நகரத்தில் 1899-இல் பிளேக் பரவியபோது சகோதரி நிவேதிதை பாக்பஜார் சந்துகளில் இறங்கி நோயாளிகளைத் தன் கையால் கவனித்ததும், டாக்டர் ராதா கோவிந்த கர் அந்தப் பணியில் உடன் நின்றதும் வரலாறு. நிவேதிதையை நகரம் போற்றியது. தன் பெண்களை அந்த வழியில் அனுப்ப அதற்கு இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. 1932-இல் ராமகிருஷ்ண மடத்தார் தொடங்கிய சிசுமங்கள் பிரதிஷ்டான் போன்ற நிறுவனங்கள் மெல்லத் தயக்கத்தைக் கரைத்தன. கதவை உடைத்துத் திறந்தது பிரிவினை. கிழக்கு வங்காளத்திலிருந்து உடைமை இழந்து வந்த குடும்பங்களில் மூத்த பெண்ணின் சம்பளமே அடுப்பை எரித்தது. ஆசிரியை, தட்டச்சர், டெலிபோன் ஆபரேட்டர் வேலைகளோடு செவிலியர் வேலைக்கும் அவர்கள் வந்தார்கள். 1959-இல் வெளியான 'தீப் ஜ்வேலே ஜாய்' படத்தில் சுசித்ரா சென் ஏற்ற செவிலியர் ராதா பாத்திரம் அந்தத் தலைமுறையின் மனத்தில் பதிந்தது. நோயாளியைக் குணப்படுத்தத் தன் மனத்தையே மருந்தாகக் கொடுத்துவிட்டுக் கடைசியில் தானே நோயாளியாகும் பெண் அவள். செவிலியரைத் தியாகத்தின் உருவமாகப் பார்க்கும் வழக்கம் நம் சமூகத்திலும் இருக்கிறது. அது மரியாதை போலத் தோன்றினாலும், சம்பளமும் பதவி உயர்வும் கேட்கும் செவிலியரைப் பார்த்து முகம் சுளிக்கவே அது பயன்பட்டிருக்கிறது.

சட்டமும் சபையும் தனிக்கதை. மாகாணங்களில் சென்னை முந்திக்கொண்டு 1926-இலேயே செவிலியர் பதிவுச் சட்டம் கண்டது. வங்காளச் சட்டம் 1934-இல் வந்தது. நாடு முழுமைக்குமான இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் 1947-இல் நிறைவேறியது. அதற்குச் சற்று முன், 1946-இல், சர் ஜோசப் போர் தலைமையிலான சுகாதாரக் குழு தந்த கணக்கு இன்றும் படிப்பவரைத் திடுக்கிட வைக்கும். பிரிட்டிஷ் இந்தியா முழுவதற்கும் சுமார் 7,000 செவிலியர். அதாவது 43,000 பேருக்கு ஒருவர். மருத்துவர் நிலை 6,300 பேருக்கு ஒருவர். மருத்துவரை விடச் செவிலியர் பல மடங்கு குறைவாக இருந்த அந்தத் தலைகீழ் நிலையைச் சரிசெய்வதே சுதந்திர இந்தியாவின் செவிலியர் கல்விக்குத் தரப்பட்ட முதல் வேலை.

அதே 1946-இல்தான் பல்கலைக்கழகப் படிப்பாகச் செவிலியம் நுழைந்தது. டெல்லியிலும் வேலூரிலும் ஒரே ஆண்டில் பட்டப்படிப்புகள் தொடங்கின. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909-இல் ஆரம்பித்த பயிற்சிப் பள்ளி சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் கல்லூரியானது. கொல்கத்தாவின் பங்களிப்பு அப்போது வேறு திசையில் இருந்தது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு 1932-இல் நிறுவப்பட்ட அகில இந்தியச் சுகாதார, பொதுச் சுகாதார நிறுவனம் அங்கே இருந்தது. ஹூக்ளி மாவட்டத்துச் சிங்கூரில் அந்த நிறுவனம் கிராமப் பயிற்சிக் களம் அமைத்தது. பொதுச் சுகாதாரச் செவிலியர்கள் வீடு வீடாகப் போய்க் கற்றார்கள். மருத்துவமனைச் சுவருக்கு வெளியேயும் செவிலியத்துக்கு வேலை உண்டு என்பதை அன்றே செயலில் காட்டிய இடம் அது. பின்னாளில் அந்தக் கிராமக் கல்வி கொல்கத்தாவின் செவிலியர் கல்லூரிகளில் ஓரத்துக்குத் தள்ளப்பட்டது என்பது என் மனக்குறை.

இன்றைய அமைப்புக்கு வருவோம். மேற்கு வங்கத்தில் செவிலியப் பட்டம் பழைய பல்கலைக்கழகங்களிடமிருந்து மாநிலச் சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு மாறியது. 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்து 2003-இல் இயங்கத் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகம் சால்ட் லேக்கில் இருக்கிறது. நம் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு அங்குள்ள இணை என்று சொல்லலாம். பாடத்திட்டம், தேர்வு, பட்டம், ஆய்வு ஆகியவை பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. பதிவு மாநில நர்சிங் கவுன்சிலிடம். மருத்துவமனைச் செவிலியரின் நியமனமும் இடமாற்றமும் சுகாதாரத் துறையிடம். 2020 முதல் மாநில நுழைவுத் தேர்வு வாரியம் ஜென்பாஸ் தேர்வை நடத்துகிறது; பி.எஸ்சி. நர்சிங் சேர்க்கை அதன்வழி நடக்கிறது. எஸ்.எஸ்.கே.எம்., மெடிக்கல் காலேஜ், என்.ஆர்.எஸ். போன்ற பெரிய மருத்துவமனைகளோடு சேர்ந்த அரசுக் கல்லூரிகள் ஒருபுறம். பெரிய தனியார் மருத்துவமனைகள் தாமே நடத்தும் கல்லூரிகள் இன்னொருபுறம். நகரத்தின் விளிம்பில், பாராசாத் பக்கமும் நியூ டவுன் பக்கமும், தனியார் பல்கலைக்கழக வளாகங்கள் மூன்றாவது வகை.

இப்படிப் பொறுப்பு பிரிந்து கிடப்பதன் விளைவை வார்டில்தான் பார்க்க வேண்டும். கல்லூரியில் பாடம் நடத்தும் ஆசிரியைக்கு வார்டில் அதிகாரம் கிடையாது. வார்டை நடத்தும் சிஸ்டர் இன்சார்ஜுக்கு மாணவியின் மதிப்பெண்ணில் பங்கு மிகக் குறைவு. மாணவி இருவருக்கும் நடுவே நிற்கிறாள்.

அவள் என்ன கற்க வேண்டும் என்பதில் குழப்பமில்லை. 2021-இல் அரசிதழில் வெளியான புதிய விதிமுறைகள் பி.எஸ்சி. நர்சிங்கை எட்டுப் பருவங்களாக மாற்றின. திறன் ஆய்வகத்தில் பொம்மை உடல்மீது பழகுதல், நிலையம் நிலையமாக நின்று செய்து காட்டும் தேர்வு, கடைசிப் பருவத்தில் 22 வார உள்ளிருப்புப் பயிற்சி எல்லாம் அதில் உண்டு. பத்து மாணவர்க்கு ஓர் ஆசிரியர் வேண்டும். கல்லூரிக்கு 100 படுக்கை கொண்ட சொந்த மருத்துவமனை வேண்டும் என்பதும் விதி. காகிதத்தில் குறை சொல்ல இடம் அதிகமில்லை.

வார்டில் ஒரு காலை எப்படி நடக்க வேண்டும் என்று பார்ப்போம். இரவுப் பணிச் செவிலியர் கட்டில் கட்டிலாகப் போய்ப் பகல் பணிக்காரரிடம் ஒப்படைக்க வேண்டும்: மூன்றாம் கட்டிலுக்கு நள்ளிரவில் காய்ச்சல் ஏறியது, ஏழாம் கட்டிலின் சிறுநீர் அளவு குறைந்திருக்கிறது, பதினோராம் கட்டிலின் ஊசிக்குழாய் மாற்ற வேண்டிய நாள். மாணவி அந்த ஒப்படைப்பில் கூடவே நடந்து கேட்டால் ஒரு வாரத்தில் கற்பது ஒரு பருவப் பாடத்துக்குச் சமம். பிறகு மருந்து. கட்டிலில் தொங்கும் சீட்டை எடுத்து, நோயாளியின் பெயரை அவர் வாயாலேயே சொல்லக் கேட்டு, மருந்து, அளவு, வழி, நேரம் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கொடுத்து, உடனே கையெழுத்திட வேண்டும். பக்கவாதத்தில் விழுந்தவரை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இடுப்பெலும்புக்கு மேலே தோல் சிவந்திருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். அந்தச் சிவப்பைப் பார்க்கத் தவறினால் சில நாட்களில் அது புண்ணாகி, மாதக்கணக்கில் ஆறாது. படுக்கைப் புண் எத்தனை பேருக்கு வந்தது என்பது ஒரு வார்டின் செவிலியத் தரத்தைச் சொல்லிவிடும்.

கொல்கத்தா அரசு மருத்துவமனைகளில் அந்தப் புரட்டிப் படுக்க வைக்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவந்தவர் யார்? ஆயா. குடும்பத்தார் ஒரு ஷிஃப்டுக்கு இவ்வளவு என்று கையிலிருந்து பணம் கொடுத்து வைத்துக்கொள்ளும் பெண்கள் அவர்கள். உடம்பு துடைப்பது, பெட்பான் வைப்பது, சோறூட்டுவது, இரவில் விழித்திருந்து சலைன் தீர்ந்துவிட்டதா என்று பார்ப்பது வரை அவர்கள் கையில். இந்த வழக்கத்தை ஒழிக்க அரசு பலமுறை முயன்றிருக்கிறது. ஆனால் தேவை நீங்காததால் அது வேறு பெயர்களில் திரும்பி வந்தது. ஆயாக்கள்மேல் எனக்குக் கோபமில்லை. பயிற்சியும் பாதுகாப்பும் இல்லாமல் பிறர் வேலையைச் சுமக்கும் ஏழைப் பெண்கள் அவர்கள். கோபம் கணக்கின்மேல். போதனா மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், பிற மருத்துவமனையில் ஐந்துக்கு ஒருவர், தீவிர சிகிச்சையில் ஒருவருக்கு ஒருவர் என்பது நர்சிங் கவுன்சில் வகுத்த அளவு. கட்டிலுக்கு இருவர், தரையில் சிலர் என்று நிரம்பி வழியும் வார்டில் அந்த அளவு நெருங்கவே முடியாதபடி இருக்கும்போது, செவிலியர் மருந்துக்கும் ஊசிக்கும் பதிவேட்டுக்கும் ஒதுங்குகிறார், கட்டிலருகு காலியாகிறது, அங்கே ஆயா வருகிறார். கற்க வந்த மாணவி பார்ப்பது இந்த ஏற்பாட்டைத்தான். உடம்பு துடைப்பது தன் வேலையில்லை என்பதை எந்தப் பாடநூலும் அவளுக்குச் சொல்லித்தருவதில்லை, வார்டு சொல்லித்தருகிறது.

தமிழ்நாட்டில் நிலைமை வேறு என்று நாம் மார்தட்டிக்கொள்ள முடியாது. நம் அரசு ஆஸ்பத்திரிகளில் அட்டெண்டர் கைநீட்டுவதும், நோயாளியோடு உறவினர் ஒருவர் படுக்கையருகே கிடந்தே தீர வேண்டும் என்பதும் ஊரறிந்த சங்கதி.

அப்படியானால் வேலூரில் என்ன வேறுபாடு? கட்டடமோ கருவியோ முதற்காரணம் அல்ல. அங்கே செவிலியர் கல்லூரியும் மருத்துவமனையின் செவிலியத் துறையும் பிரிக்கப்படவில்லை. மருத்துவச் செவிலியம், அறுவைச் செவிலியம், குழந்தைகள் செவிலியம் என்று ஒவ்வொரு துறைக்கும் தலைமையேற்கும் பேராசிரியை அந்தப் பிரிவு வார்டுகளின் பணிக்கும் பொறுப்பாளி. காலையில் வகுப்பெடுத்தவர் அதன்பின் அதே வார்டில் நின்று, பணிச் செவிலியர் செய்வதைத் திருத்துகிறார். கற்பிப்பது ஒன்று, நடப்பது ஒன்று என்ற இடைவெளிக்கு அங்கே இடம் குறைவு. நைட்டிங்கேல் சொன்னதும் கிட்டத்தட்ட இதைத்தான். இந்த ஏற்பாட்டை அரசு மருத்துவமனையில் அப்படியே நட்டுவிட முடியாது. நியமன விதிகளும் சம்பள அட்டவணைகளும் குறுக்கே நிற்கும். ஆனால் பேராசிரியைகளுக்கு வார்டுப் பொறுப்பையும், மூத்த வார்டு சிஸ்டர்களுக்குக் கற்பிக்கும் பதவியையும் மதிப்பூதியத்தையும் சேர்த்துக் கொடுக்கும் ஓர் அரசாணை போதும், தொடங்குவதற்கு. கொல்கத்தா போன்ற நகரத்தில் எஸ்.எஸ்.கே.எம். அளவுள்ள மருத்துவமனை ஒன்று அதைச் செய்துகாட்டினால் கிழக்கிந்தியா முழுவதும் திரும்பிப் பார்க்கும்.

அடுத்த கேள்வி, படித்தவர்கள் எங்கே போகிறார்கள், நகரத்தின் செவிலியர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பது. கொல்கத்தாவின் தனியார் மருத்துவமனைகள் நெடுங்காலமாகக் கேரளத்தையும், பின்னர் மணிப்பூர், திரிபுரா, ஒடிசா, ஜார்க்கண்டையும் நம்பி நடக்கின்றன. இரண்டு நிகழ்ச்சிகள் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. 2011 டிசம்பர் 9 அதிகாலையில் டாக்குரியாவில் ஆம்ரி மருத்துவமனை தீப்பற்றி 90-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்த இரவில் பெண்கள் வார்டில் பணியிலிருந்த கேரளத்து இளம் செவிலியர் இருவர், நோயாளிகளை ஒவ்வொருவராக வெளியேற்றிவிட்டுக் கடைசியாக மீந்தவரையும் மீட்க உள்ளே போய், புகையில் மூச்சடைத்து இறந்தார்கள். இருவருமே சில மாதங்களுக்கு முன் வேலையில் சேர்ந்த பெண்கள். இரண்டாவது நிகழ்ச்சி 2020 மே மாதம். கொரோனா உச்சத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது மணிப்பூரையும் பிற மாநிலங்களையும் சேர்ந்த 300-க்கும் மேற்பட்ட செவிலியர்கள் கொல்கத்தாத் தனியார் மருத்துவமனைகளை விட்டுச் சொந்த ஊருக்குக் கிளம்பினார்கள். பெற்றோரின் கவலை, சம்பளப் பிரச்சினை, பாதுகாப்பு உடை, தோற்றத்தைச் சொல்லி அக்கம்பக்கத்தில் நடந்த அவமதிப்பு என்று காரணங்கள் கூறப்பட்டன. நகரம் அப்போதுதான் தன் வார்டுகள் எவர் தோளில் நிற்கின்றன என்பதைப் பார்த்தது.

வங்காளத்தில் படித்த பெண்கள் ஏன் அந்த வார்டுகளை நிரப்பவில்லை? முதல் விடை சம்பளம். தனியார் மருத்துவமனைச் செவிலியர் ஊதியம் பற்றி உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் தந்த உத்தரவின்படி மத்திய அரசு அமைத்த குழு, 200 படுக்கைக்கு மேலுள்ள மருத்துவமனைகள் மாநில அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம் தர வேண்டும், 50-க்கும் குறைவான படுக்கை உள்ளவையும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறைக்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. பரிந்துரை மாநிலங்களின் கையில் விடப்பட்டது. பல மாநிலங்களில் அது கோப்பிலேயே தங்கிவிட்டது. அரசுப் பணியிலும் மனக்குறைகள் உண்டு. 2021-இல் எஸ்.எஸ்.கே.எம். வளாகத்தில் செவிலியர்கள் சம்பள முரண்பாட்டை எதிர்த்து நாள்கணக்கில் அமர்ந்தார்கள். நம் மாநிலத்திலும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015 முதல் எடுத்த செவிலியர்கள் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் தொடங்கி, 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு போராடியதை மறக்க முடியாது. நான்காண்டு பட்டம் படித்த ஒருத்தி வளைகுடாவுக்கோ லண்டனுக்கோ போவதைக் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 அறிக்கை உலகெங்கும் 59 லட்சம் செவிலியர் பற்றாக்குறை என்றது. அவளை அழைக்கும் நாடுகளுக்குக் குறைவில்லை. கல்லூரி ஆண்டறிக்கை வேலை பெற்றோர் எண்ணிக்கையைப் பெருமையாகப் போடுகிறது. மூன்று ஆண்டு கழித்து அவர்களில் எத்தனை பேர் எந்த ஊரில், எந்தப் பணியில் நீடிக்கிறார்கள் என்று எந்த அறிக்கையும் சொல்லிப் பார்த்ததில்லை. செவிலியருக்குத் தனி அடையாள எண் தரும் தேசியப் பதிவு முறை வந்திருப்பதால் இது இனி முடியாத காரியமும் அல்ல.

பாதுகாப்பு இரண்டாவது விடை. 2024 ஆகஸ்டில் ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் ஒருவருக்கு நேர்ந்த கொடூரம் நாட்டையே தெருவுக்கு அழைத்தது. இரவில் ஓய்வறை எங்கே, கழிப்பறை எங்கே, காவலுக்கு யார் என்ற கேள்விகள் அதுவரை கேட்கப்படாதவை அல்ல. செவிலியர்கள் பல காலமாகக் கேட்டுவந்தவை. 17, 18 வயதில் விடுதிக்கு வந்து இரவுப் பணி கற்கும் மாணவிக்கு இவை முதல் நாள் கேள்விகள்.

இனி என்ன? மாற்றத்துக்கான சட்டக் கருவிகள் கையில் வந்துவிட்டன. 2023 ஆகஸ்டில் நிறைவேறிய தேசியச் செவிலிய, மகப்பேறுச் செவிலிய ஆணையச் சட்டம், 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் ஒரு தேசிய ஆணையத்தையும் மாநில ஆணையங்களையும் கொண்டுவருகிறது. அதன்கீழ் கல்லூரிகளை ஆய்வு செய்து தரம் பிரிக்க என்றே ஒரு வாரியம் உண்டு. தர அளவுகோலில் படுக்கைப் புண்ணும், ஒப்படைப்பும், ஆசிரியர் வார்டில் நின்ற நேரமும் இடம்பெறுமா, அல்லது ஏ.சி. வகுப்பறையும் ஸ்மார்ட் போர்டும் மட்டுமே எண்ணப்படுமா என்பதில்தான் அடுத்த முப்பது ஆண்டு தங்கியிருக்கிறது. அதே 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை புதிய மருத்துவக் கல்லூரிகளோடு சேர்த்து 157 செவிலியர் கல்லூரிகளுக்கு 1,570 கோடி ரூபாய் ஒதுக்கியது. மேற்கு வங்கத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் தலா 11. மருத்துவமனையோடு ஒட்டிய கல்லூரி என்ற அளவில் இது சரியான திசை. மருத்துவமனை இல்லாத கல்லூரியின் கதி என்ன என்பதை மத்தியப் பிரதேசம் காட்டிவிட்டது. அங்கே உயர் நீதிமன்ற உத்தரவால் நடந்த சி.பி.ஐ. ஆய்வில் பல செவிலியர் கல்லூரிகள் தகுதியற்றவை என்று தெரிந்தது. 2024-இல் ஆய்வுக்குப் போன அதிகாரிகளே லஞ்ச வழக்கில் கைதானார்கள்.

படிப்பின் எல்லை விரிவதும் கவனிக்க வேண்டியது. தீவிர சிகிச்சையில் முதுநிலை 'நர்ஸ் பிராக்டிஷனர்' படிப்பு 2017 வாக்கில் வந்தது. 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல், சிக்கலில்லாப் பிரசவத்தைத் தனித்து நடத்தும் மகப்பேறுச் செவிலியரை உருவாக்கச் சொல்கிறது. கிராமத் துணை மையங்களில் பட்டதாரிச் செவிலியர் சமுதாயச் சுகாதார அலுவலராக அமர்கிறார். மேற்கு வங்கம் அந்த மையங்களைச் 'சுஸ்வாஸ்த்ய கேந்திரம்' என்கிறது. இரத்த அழுத்தம், சர்க்கரை, கர்ப்பிணிப் பராமரிப்பு என்று முதற்கட்ட முடிவுகளை அங்கே செவிலியர்தான் எடுக்க வேண்டும். சிங்கூரில் அன்று தொடங்கிய வேலை இப்படித் திரும்பி வருவதை நான் மகிழ்ச்சியோடு பார்க்கிறேன். இதற்கெல்லாம் தேவை பதவியும் அதிகாரமும். 1980-களின் பிற்பகுதியில் சரோஜினி வரதப்பன் தலைமையிலான உயர்நிலைக் குழு, செவிலியர் பணிநிலை, கல்வி, பதவி உயர்வு எல்லாவற்றையும் ஆராய்ந்து அறிக்கை தந்தது. நம் முன்னாள் முதல்வர் பக்தவத்சலத்தின் மகளான அவர் தலைமையில் சொல்லப்பட்டவற்றில் பலவற்றை இன்றைய சங்கங்களும் கோரிக்கையாக வைக்க வேண்டியிருக்கிறது என்பது வெட்கப்பட வேண்டிய செய்தி.

கொல்கத்தாவின் செவிலியர் கல்வி எண்ணிக்கையில் வளர்ந்திருக்கிறது. பட்டமும் முதுநிலையும் ஆய்வும் வந்திருக்கின்றன. வங்காளிக் குடும்பங்களின் தயக்கம் போய்விட்டது. கட்டிலருகே மட்டும் அது பின்வாங்கியிருக்கிறது. இது கொல்கத்தாவுக்கு மட்டுமான தீர்ப்பு அல்ல.

இந்த ஆண்டு மகளையோ மகனையோ பி.எஸ்சி. நர்சிங்கில் சேர்க்க நினைக்கும் பெற்றோர், கட்டணத்தைக் கேட்கும்போது கூடவே சிலவற்றையும் கேளுங்கள். கல்லூரிக்குச் சொந்த மருத்துவமனை உண்டா, அதில் இன்று எத்தனை கட்டிலில் நோயாளி இருக்கிறார், பாடம் நடத்தும் ஆசிரியர் வாரத்தில் எத்தனை நாள் வார்டில் நிற்கிறார், இரவுப் பணியில் மாணவிகளோடு யார் இருப்பார் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வேறு கல்லூரி பாருங்கள்.